யாருக்கும் பிடிக்காத பேச்சு

மாமனாரின் படத்திறப்பில் பேசிய ஒரே பேச்சால் சொந்த மனைவியை மாடி போர்ஷனுக்குக் குடிபெயர வைத்த அரசியல் ஆலோசகர் தமிழ்நாட்டிலேயே இளம்பரிதி ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பேச்சு என்பது அவருக்குத் தொழில். முப்பது வருடமாக அடுத்தவர் வாயில் வார்த்தை வைத்துப் பிழைக்கிறவர். ஐந்து கட்சிகளுக்கு எழுதியிருக்கிறார். ஒரு முறை எதிரெதிராக நின்ற இரண்டு வேட்பாளர்களுக்கும் அவரே எழுதிக்கொடுத்தார். திருச்சியில் ஒருவர் காலையில் கேட்ட கேள்விக்கு மற்றவர் மாலையில் அட்டகாசமாகப் பதில் சொல்ல, இரண்டு பேருக்குமே சிந்தனையாளர் என்று பெயர் வந்தது. இது போதாதென்று பதினோரு புத்தகங்கள் வேறு. 'கைதட்டல் விழும் இடம்' என்ற புத்தகம் பதினெட்டாம் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. எந்த வாக்கியத்துக்குப் பிறகு எத்தனை விநாடி நிறுத்தினால் எத்தனை கை தட்டும் என்று அதில் அட்டவணையே போட்டிருந்தார்.

மாமனார் நாகலிங்கம் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போன பதினாறாம் நாள் படத்திறப்பு. வேலை நெருக்கடியில் எழுத நேரமில்லை என்றார் இளம்பரிதி. போன வருடம் ஓர் எம்.எல்.ஏ.வின் மறைவுக்காக எழுதிய இரங்கல் உரையை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு மேடை ஏறிவிட்டார். கடைசிப் பத்தியைப் பார்க்கவில்லை.

"அன்னார் விட்டுச் சென்ற வெற்றிடத்தை வருகிற இடைத்தேர்தலில் அமோக வாக்கு வித்தியாசத்தில் நாம் நிரப்பிக் காட்டுவோம்!"

பழக்க தோஷத்தில் நாலு பேர் கைதட்டியும் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கோதை அழவில்லை, கத்தவில்லை. அரசுப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் கணக்கு டீச்சர், நிதானமாகத்தான் கேட்டாள்.

"எங்கப்பாவுக்குன்னு உங்ககிட்ட சொந்தமா ஒரு வார்த்தை கூட இல்லைல்ல?"

"கோதை, அது வந்து..."

"வேணாம். அதையும் எங்கயாவது எழுதி வெச்சிருப்பீங்க. உங்களோட வார்த்தை ஒண்ணு என்னைக்காவது கிடைச்சா சொல்லுங்க. அதுவரைக்கும் எங்கிட்டப் பேச வேணாம்."

மறுநாளே மாடிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு இருவருக்கும் இடையே இருந்த ஒரே தொடர்பு, மாடியிலிருந்து கயிற்றில் இறங்கும் ஒரு பூக்கூடை. அதில் சீட்டு வரும். 'மோட்டார் போடவும்.' இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு சீட்டு வரும். 'மோட்டார் நிறுத்தவும்.' பதினோரு புத்தகம் எழுதியவருக்குப் பதினோரு மாதமாக வீட்டில் கிடைத்த இலக்கியம் இவ்வளவுதான். தமாஷாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாரே தவிர, கூடை இறங்கும் சத்தம் கேட்டால் அவர் எழுந்து ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் பாவமாக இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் தனிச்சொல் பெட்டி வந்தது.

ஒலிபெருக்கியை அரசு தடை செய்த பிறகு எல்லோரும் காதில் ஒரு சின்னக் கருவி மாட்டிக்கொண்டுதான் கூட்டம் கேட்டார்கள். அரசு அதற்குச் 'செவித்துணை' என்று பெயர் வைத்தது. ஜனங்கள் காதுப்பூ என்றார்கள். மைக்கில் பேசுவது நேராகக் காதுக்கு வரும், வெளிச்சத்தம் அடைபட்டுவிடும். பள்ளிக்கூட மணிக்கு நேர் கீழே இருந்த வகுப்பறையில் காலமெல்லாம் பாடம் எடுத்துக் காது மந்தமான கோதையைப் போன்றவர்களுக்கு அது இல்லாமல் பொழுதே போகாது.

பெட்டியைக் கொண்டுவந்தவள் ரெஜினா என்ற பொறியாளர். பொன்மலைக்காரி. பார்க்க ரொட்டி டப்பா மாதிரி இருந்த அதை மேஜையில் வைத்து விளக்கினாள்.

"தலைவர் பேசறது ஒண்ணுதான் சார். மைக்லேர்ந்து இந்தப் பெட்டிக்கு வரும். பெட்டி ஒவ்வொருத்தர் காதுப்பூகிட்டயும் உங்காளுக்கு என்ன வேணும்னு கேக்கும். அதுக்குத்தான் எல்லாம் தெரியுமே, நாள் பூரா அவங்க புலம்பறதைக் கேட்டுக்கிட்டே இருக்கு. அவங்கவங்க என்ன கேக்க ஆசைப்படறாங்களோ அதைத் தலைவர் குரல்லயே பேசிடும்."

"வாயசைவு ஒத்துப்போகாதேம்மா?"

"டப்பிங் படம் பாத்து வளந்த ஊரு சார். யாரு கவனிக்கப் போறா?"

"யார் யாருக்கு என்ன விழுந்துச்சுன்னு நமக்குத் தெரியுமா?"

"தெரியாது. பதிஞ்சு வெச்சா அந்தரங்கச் சட்டத்துல உள்ள போயிடுவோம். கேட்டதும் அழிஞ்சிடும். அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துது சார்."

இளம்பரிதிக்கு உறுத்தவில்லை. கட்சித் தலைவர் சேதுநாதனுக்கு அது என்ன என்றே புரியவில்லை. முதல் கூட்டம் முடிந்து வெளியே வந்த ஒருவர், தங்கள் தெருவில் பஸ் நிற்கும் என்று தலைவர் வாக்குக் கொடுத்ததாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர், அந்தத் தெருவுக்குள் பஸ்ஸே வராது என்று தலைவர் உறுதி கூறியதைக் கேட்டுக் கண்ணீர் விட்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே பைக்கில் கட்சி அலுவலகத்துக்குப் போய் உறுப்பினராகச் சேர்ந்தார்கள்.

பிறகு எழுத வேண்டிய வேலையே குறைந்துவிட்டது. ஒரு நாள் காகிதம் காணாமல் போய், தலைவர் மேடையில் எட்டாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தார். அன்றைக்குத்தான் அவர் வாழ்நாளிலேயே சிறந்த உரை என்று எல்லோரும் பாராட்டினார்கள். அவரும் காதுப்பூ மாட்டிக்கொண்டிருந்ததால் தன் பேச்சைத் தானே கேட்டு மேடையில் தேம்பினார்.

"யோவ் பரிதி, என்னையே உலுக்கிட்டேன்யா நான்!"

வெற்றி மிதப்பில்தான் இளம்பரிதி பொன்மலைக் கூட்டத்துக்கு ஒரு யோசனை செய்தார். நம் கூட்டங்களில் பேச்சு தொடங்குமுன் மேடையில் இருப்பவர்களையெல்லாம் பெயர் சொல்லி 'அவர்களே, அவர்களே' என்று விளிப்பது வழக்கம் அல்லவா? பாதிக் கூட்டம் அதிலேயே போய்விடும். தன் பெயர் விட்டுப்போனால் வட்டச் செயலாளர் கட்சி மாறிவிடுவார். அந்த விளிப்பில் கேட்கிற ஒவ்வொருவர் பெயரையும் சேர்த்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

பொன்மலை மைதானத்தில் பன்னிரண்டாயிரம் பேருக்குத் தலைவர் தங்கள் பெயரை மட்டும் தனியாக அழைத்தது கேட்டது. பெயர் சொல்லி அழைத்தால் மேடைக்குப் போய்ப் பொன்னாடை வாங்கிக்கொள்வதுதானே மரியாதை? பன்னிரண்டாயிரம் பேரும் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துவிட்டு, மேடையை நோக்கி நடந்தார்கள். முதல் நானூறு பேர் வரைக்கும் மேடை தாங்கியது. பிறகு நிதானமாக, மரியாதையாக உட்கார்ந்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை. தலைவருக்கு மட்டும் இடது காலில் மாவுக்கட்டு.

விஷயம் அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஜனங்கள் பெட்டியை விடவில்லை, வாடகைக்கு எடுக்க ஆரம்பித்தார்கள். கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் மாமா பேசினால் இரண்டு வீட்டாருக்கும் நிம்மதி. கோதையின் பள்ளி ஆண்டு விழாவில் தலைமை ஆசிரியை பேச, நானூறு பெற்றோருக்கும் தங்கள் பிள்ளைதான் முதல் மதிப்பெண் என்று கேட்டது. மறுநாள் நானூறு பேரும் மார்க் ஷீட்டை நீட்டிக்கொண்டு கோதையின் மேஜை முன்னால் வரிசையில் நின்றார்கள். அன்று மாலை கூடையில் வந்த சீட்டில் மோட்டாரைப் பற்றி ஒன்றுமில்லை. 'நன்றி' என்று மட்டும் இருந்தது. இளம்பரிதி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆனாலும் அடுத்த வாரம் இன்னொரு சீட்டு வந்தது. 'ஞாயிறு அப்பாவின் முதல் நினைவு நாள். ரயில்வே மண்டபம். 11 மணி. பேசுவதாக இருந்தால் பேசவும்.'

அவர் அதை ஏழு முறை படித்தார். பேச வேண்டாம் என்று எழுதியிருக்கலாமே, எழுதவில்லை. இது ஒரே வாய்ப்பு, இதை விட்டால் காலம் முழுக்கக் கூடைதான் என்று அவருக்குத் தெரிந்தது.

நான்கு நாள் உட்கார்ந்து எழுதினார். இருபத்திரண்டு காகிதம் வீண். 'அன்பு மாமா' என்று தொடங்கினால் 'அவர்களே' என்று முடிந்தது. 'வாழ்க்கை' என்று எழுதினால் 'வரலாறு' என்று வந்தது. ஒரு காகிதத்தில் நாகலிங்கம் என்று எழுதியதும் கை தானாக 'எனும் நான்' என்று சேர்த்துப் பதவிப்பிரமாணமே எடுத்துவிட்டது. சனிக்கிழமை மதியம் தோற்றுப்போய் ரெஜினாவைக் கூப்பிட்டார்.

"பெட்டியை மண்டபத்துக்குக் கொண்டு வாங்கம்மா."

"டீச்சருக்காகவா சார்?" ரெஜினா தயங்கினாள். "யோசிச்சுப் பாருங்க. அவங்க காதுல என்ன விழும்னு உங்களுக்கே தெரியாது. அவங்க சமாதானம் ஆகி ஏதாவது சொன்னா, எதுக்குச் சொல்றாங்கன்னு தெரியாமலே நீங்க ஆயுசு பூரா தலையாட்டணும்."

"தலையாட்டிட்டுப் போறேன். கீழ வந்தாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ரயில்வே ஓய்வூதியர்கள், சொந்தக்காரர்கள், கோதையின் சக ஆசிரியைகள். மாவுக்கட்டுக் காலை ஒரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு தலைவரும் வந்திருந்தார். மைக் பக்கத்தில் பெட்டி பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்க, அதன் அருகே ரெஜினா. பெட்டியை இயக்குகிறவர்கள் காதுப்பூ போடக் கூடாது என்பது கம்பெனி விதி என்பதால் அவள் காது மட்டும் வெறுமையாக இருந்தது. முதல் வரிசையில் இருந்த கோதை அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அப்புறம் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மேடையில் மாமனாரின் படம். கார்டு உடுப்பில், ஒரு பக்கமாக உதட்டைச் சுழித்த சிரிப்பு. அந்தச் சிரிப்பு இளம்பரிதிக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் கோதையின் சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாம் வரிசையில் ஒருவர் 'ஆஹா' என்று தலையை ஆட்டினார். கோதையின் முகத்தைப் பார்த்தால், பதினோரு மாதமாக இறுகிக் கிடந்த நெற்றி லேசாக இளகியிருந்தது.

இளம்பரிதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே! அவர் பெண்டாட்டியை வேறு யாரோ, அவர் குரலிலேயே, அவர் கண்ணெதிரிலேயே சமாதானம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வார்த்தை என்ன என்று அவருக்குத் தெரியாது. அது அத்தனை நன்றாக இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

"ரெஜினா, அதை அணைச்சிடுங்க" என்றார் மைக்கிலேயே.

பூஜை முடிந்து அவர் முறை வரும்போதே மணி பன்னிரண்டரை. மண்டபத்தில் பாதிப் பேர் சட்டென்று எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். ரெஜினா பாய்ந்து விசையைத் தட்டினாள். பச்சை விளக்கு போயிற்று.

"உக்காருங்க, சாப்பாடு இன்னும் ஆகலை!" என்று கத்தினார் இளம்பரிதி. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள்.

கையில் காகிதம் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை.

"எங்க மாமனாருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரை அவ்வளவாப் பிடிக்காது. அவர் கேரம்ல ஏமாத்துவாரு."

மண்டபம் திடுக்கிட்டது.

"நிஜமாத்தான். நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு எடுக்கத் திரும்பினா சிவப்புக் காயை நகத்தால தள்ளிடுவாரு. கேட்டா அதோ, அந்தச் சிரிப்புத்தான் சிரிப்பாரு. ஒம்பது வருஷம் முன்னாடி எனக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. பன்னெண்டு நாள் வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் எழுதிக் குடுத்ததைப் பேசற ஆளுங்க ஒருத்தரும் வரல. இவர் தினம் சாயந்தரம் கேரம் போர்டைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. பன்னெண்டு நாளும் ஏமாத்தினாரு. என்னால கேக்கவும் முடியாது. கடைசி நாள் போகும்போது, 'இப்பத்தான்யா நீ மனுஷனா இருக்கே'ன்னாரு. அந்தப் பன்னெண்டு நாள்தான்... அது நல்லா இருந்துச்சு."

குரல் உடைந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று பார்த்தால் டம்ளர் காலி.

"போன வருஷம் நான் வேற யாருக்கோ எழுதினதைப் படிச்சேன். நேரமில்லைன்னு சொன்னேன். பொய். சொந்தமாப் பேசினா அழுதுடுவேன்னு பயம். அவ்வளவுதான். சாப்பாடு ரெடின்னா போங்க."

ஒரு கை கூடத் தட்டவில்லை. பதினெட்டுப் பதிப்புப் புத்தகத்தில் இந்த நிலைமைக்கு அட்டவணை இல்லை. கோதை எழுந்து, அவரைப் பார்க்காமலே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

"டீச்சர், நான் அணைச்சிட்டேன், நிஜமா!" என்று ரெஜினா பின்னாலேயே போய்ச் சொன்னாள்.

"நீ அவர் ஆளும்மா" என்றாள் கோதை.

பந்தியின் கடைசி இலையில் உட்கார்ந்த இளம்பரிதிக்கு அப்போதுதான் உறைத்தது. இனி அவர் உண்மையே பேசினாலும் யார் நம்புவார்கள்? வீட்டுக்கு வீடு இந்தப் பெட்டியைக் கொண்டு சேர்த்தவரே அவர்தானே. வடையைப் பிய்த்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

கோதை பாயச வாளியோடு வந்தாள். முதல் இலையில் ஓய்வு பெற்ற எஞ்சின் டிரைவர் ஒருவர்.

"அண்ணே, அவர் பேச்சு எப்படி இருந்துச்சு?"

"தப்பா நெனைக்காதம்மா. செத்த மனுஷனைப் போய்க் கேரம்ல ஏமாத்துவாருன்னு சொல்லலாமா?"

கோதை இரண்டு கரண்டி ஊற்றினாள். அடுத்த இலைக்குப் போனாள்.

"சித்தி, உனக்கு?"

"மொத வணக்கம் சொன்னப்ப நல்லாத்தான்டி இருந்துச்சு. அப்புறம் கேரம் கீரம்னு... கண்றாவி. உங்கப்பாவையா அப்படிச் சொல்றது?"

மூன்றாவது இலை, கேரம். நான்காவது இலை, கேரம், அதோடு சாப்பாட்டுக்கு எழுப்பிவிட்டு உட்கார வைத்த குறையும். கணக்கு டீச்சர் ஒரு விடை கிடைத்தால் நிற்கமாட்டாள், சரிபார்ப்பாள். இலை இலையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அறுபது எழுபது இலைக்கு மேல் ஆயிற்று. அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி ஒரே மாதிரி முகம் சுளித்தார்கள்.

கடைசிக்கு முந்தின இலை தலைவருடையது.

"ரொம்பப் பிரமாதம்மா" என்றார் சேதுநாதன். "என்னைப் பத்தித்தான் எவ்வளவு உயர்வாச் சொன்னான்!"

கோதையின் கரண்டி அப்படியே நின்றது. ஒரே ஒருவருக்கு வேறு மாதிரி கேட்டிருந்தால் போதும், எல்லாம் போச்சு.

தலைவரின் உதவியாளர் குனிந்து கோதையின் காதருகே சொன்னார். "தலைவர் தூங்கிட்டாரு டீச்சர். எந்த மேடைன்னாலும் முழிச்சதும் இப்படித்தான் சொல்வாரு."

கோதை தலைவருக்கு நான்கு கரண்டி பாயசம் ஊற்றினாள். பிறகு கடைசி இலைக்கு வந்து நின்றாள். இளம்பரிதி நிமிரவில்லை.

"பேச்சு படு மோசம்" என்றாள்.

பதினோரு மாதத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அதைவிடப் பெரிய பாராட்டு அவருக்கு எந்த மேடையிலும் கிடைத்ததில்லை. கண்ணீர் நேராக இலையில் விழுந்தது.

"அப்பா எங்கிட்டயும் ஏமாத்துவாரு" என்றாள் மெதுவாக. "சிவப்புக் காயைத்தான்."

பாயசத்தை ஊற்றிவிட்டு வாளியைக் கீழே வைத்தாள்.

"பெட்டி ஓடிக்கிட்டு இருந்தப்ப நீங்க மைக்ல ஒண்ணு சொன்னீங்களே, எல்லாரும் எந்திரிச்சாங்களே. அவங்களுக்கெல்லாம் சாப்பாடு ரெடின்னு விழுந்துச்சாம். கேட்டுட்டேன்."

"உனக்கு?"

"ரெஜினா, அதை அணைச்சிடுங்கன்னு."

இளம்பரிதி நிமிர்ந்து பார்த்தார். "அதைத்தானே நான் சொன்னேன்!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் கேக்க ஆசைப்பட்டதும் அதுதானே. பெட்டிதான் எனக்காகச் சொல்லுதுன்னு நெனைச்சேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதான் எழுபது இலை சுத்தி வரவேண்டியதாப் போச்சு. சாப்பிடுங்க, ஆறுது."

நாலடி போனவள் திரும்பினாள்.

"வீட்டுக்குப் போனதும் மறக்காம மோட்டார் போடுங்க. மாடித் தொட்டிக்கு வேணாம், கீழ மட்டும் போதும்."